தட்டைப் போட்டா பொட்டி உறையுது!

சிடி-யை வெச்சு ட்ரேயை உள்ளே தள்ளினேன். 'வ்ர்ர்ர்'னு ஒரு சுத்து. அப்புறம் 'டக்... டக்...'. மறுபடி 'வ்ர்ர்ர்'. அவ்ளோதான். பாடிக்கிட்டிருந்த பாட்டு பாதி வரியில நின்னுபோச்சு. திரையோட மூலையில இருந்த கடிகாரம் 7.42-லயே உக்காந்துடுச்சு. எலிக்குட்டி மட்டும் நகருது, ஆனா எதை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குது. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துட்டு, பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சேன்.

மறுபடி போட்டேன். மறுபடி உறைஞ்சது. மூணாவது தடவை சிடி-யைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா நின்னேன். பயமா இருந்துச்சு. பொட்டிக்கு ஏதாவது ஆயிடுமேங்கிற பயம் இல்லை. அந்தச் சிடி-க்கு ஏதாவது ஆயிட்டா?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

2006 டிசம்பர். அப்பா ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. நெல்லைப் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். கம்பத்துல ஏறுறது, கேபிள் ஜாயின்ட் போடுறது, கடைசிப் பத்து வருஷம் டெஸ்ட் டெஸ்க். காக்ஸ் டவுன் வீட்டுக்கு ஒரு மாசம் தங்க வந்திருந்தார். அப்பதான் எஸ்.பி. ரோட்டுல சாமான் சாமானா வாங்கி நானே ஒரு பொட்டி கட்டியிருந்தேன். புது மைக் வேற. சோதிச்சுப் பார்க்கணுமே! அப்பாவைப் பிடிச்சு முன்னாடி உக்கார வெச்சு, "ஏதாவது பேசுங்கப்பா"ன்னேன். ரெண்டு நிமிஷச் சோதனைன்னு ஆரம்பிச்சது 58 நிமிஷம் போச்சு. சின்ன வயசு, தாத்தா, முதல் வேலை, 1992 நவம்பர்ல தாமிரபரணியில வெள்ளம் வந்தப்ப நடந்தது எல்லாம் பேசினார். ரெண்டு சிடி-யில எழுதி ஒண்ணை அக்காகிட்ட குடுத்தேன், ஒண்ணு என்கிட்ட.

2010-ல அப்பாவுக்குத் தொண்டையில கட்டி. ஆபரேஷன்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. உயிர் பிழைச்சார், குரல் போச்சு. கழுத்துல இருக்கிற துளை வழியாத்தான் மூச்சு. கழுத்துல வெச்சுப் பேசுற மிஷின் ஒண்ணும் வாங்கிக் குடுத்தோம். ஒரு வாரம் பார்த்துட்டு, 'இது என் குரல் இல்லை, ரேடியோ ஸ்டேஷன் சரியாப் பிடிக்காத மாதிரி இருக்கு'ன்னு எழுதிக் காட்டிட்டு அலமாரியில வெச்சுட்டார். அன்னையில இருந்து சிலேட்டும் பல்பமும்தான்.

என் பொண்ணு அந்த வருஷம்தான் பிறந்தா. இப்ப பதினாலு வயசு. தாத்தா குரலை அவ கேட்டதே இல்லை. ஆனா ஒண்ணு சொல்லணும். காக்ஸ் டவுன்ல தமிழ் பேசுறதுக்குப் பஞ்சமே இல்லை. கன்டோன்மென்ட் காலத்துக் கலெக்டர் காக்ஸோட பேரு வெச்ச ஏரியா, மார்க்கெட்டுக்குப் போனா காய்க்காரம்மால இருந்து கறிக்கடை வரைக்கும் தமிழ் காதுல விழும். ஆனா நிறையப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கன்னடமோ இங்கிலீஷோ படிச்சு வளர்ந்தவங்க. அப்பா சிலேட்டுல 'கால் கிலோ சின்ன வெங்காயம்'னு எழுதி நீட்டுவார், கடைக்காரர் முழிப்பார். என் பொண்ணும் அப்படித்தான் ஆகியிருக்கணும். தாத்தா என்ன சொல்றார்னு தெரிஞ்சுக்கணுமேங்கிற ஒரே காரணத்துக்காகச் சிலேட்டைப் பார்த்துப் பார்த்தே தமிழ் எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டா. நான் வாங்கிக் குடுத்த அரிச்சுவடிப் புத்தகம் எல்லாம் வேஸ்ட் :-)

2023 டிசம்பர் 17, 18-ல தென் மாவட்டங்கள்ல பெய்ஞ்ச மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அக்கா வீடு ஸ்ரீவைகுண்டம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. உசுருக்கு ஒண்ணும் ஆகலைங்கிற சந்தோஷத்துல மத்ததை யாரும் கேக்கலை. ஒரு வருஷம் கழிச்சு ஒருநாள் போன்ல பேசும்போதுதான், "தம்பி, அந்தச் சிடி பீரோ கீழ்த்தட்டுல இருந்துச்சுடா. சேறோட சேர்த்து வாரிப் போட்டோம்"னா.

அப்ப இருக்கிறது என்கிட்ட உள்ள ஒண்ணுதான். 'ஹார்ட் டிஸ்க்ல இருக்குமே?'ன்னு கேப்பீங்க. இருந்துச்சு. 2008-ல இடம் பத்தலைன்னு, 'அதான் சிடி-யில இருக்கே'ன்னு நானேதான் அழிச்சேன். சினிமாப் படம் சேர்த்து வைக்க!

சரி, விஷயத்துக்கு வர்றேன். லேப்டாப் எதுலயும் சிடி டிரைவ் கிடையாது. வீட்டுல டிரைவ் இருக்கிற ஒரே சாமான் அதே 2006 பொட்டிதான். தூக்கிப் போட மனசு வராம, டெபியன் போட்டு ஹால்ல பாட்டுக் கேக்க வெச்சிருந்தேன். அதுலதான் இந்த உறைதல்.

முதல் நாள் யோசிச்சது: சிடி கெட்டுப் போச்சா, டிரைவ் கெட்டுப் போச்சா, பொட்டியே கெட்டுப் போச்சா? மூணையும் பிரிச்சுப் பார்க்கணும். அப்பா சிடி-யை ஓரமா வெச்சுட்டு வேற சிடி-களை எடுத்தேன். ஒரு காலத்துல உபுண்டுக்காரங்க கேட்டவங்களுக்கெல்லாம் தபால்ல இலவசமா சிடி அனுப்பினாங்க, ஞாபகம் இருக்கா? 2011-ல அந்தத் திட்டத்தை நிறுத்திட்டாங்க. அதுல ஒண்ணு பரண்ல இருந்துச்சு. போட்டேன். ஒரு அஞ்சு விநாடி பொட்டி திக்குச்சு, அப்புறம் ஒழுங்கா ஓடுச்சு. அடுத்து, நானே எழுதின பழைய போட்டோ சிடி ஒண்ணு. மூணு நிமிஷம் உறைஞ்சு, பிறகு உயிர் வந்துச்சு. இன்னொண்ணு போட்டேன். உறைஞ்சது உறைஞ்சதுதான்.

இதுல ஒரு கணக்குப் புரிஞ்சது. ஃபேக்டரியில அச்சடிச்ச சிடி பிரச்சினை இல்லை. அதுல தகவல் பிளாஸ்டிக்லயே குழி குழியாப் பதிஞ்சிருக்கும். நாம வீட்டுல எழுதுற சிடி வேற ஜாதி. அதுல ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாச் சுட்டுத்தான் எழுதும். சாயம் வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் காலப்போக்குல மங்கும். மங்க மங்க, டிரைவ் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கும். அதுதான் அந்த 'டக்... டக்...'.

சரி, படிக்கக் கஷ்டப்படுது. ஆனா சிடி படிக்கக் கஷ்டப்பட்டா பொட்டி மொத்தமா ஏன் உறையணும்? பாட்டு ஏன் நிக்கணும்? இதுதான் எனக்கு உறுத்துச்சு.

ரெண்டாம் நாள். சிடி போட்டதும் தானாத் திறக்கிற வசதியை அணைச்சு வெச்சேன். ஃபைல் மேனேஜர் பாட்டுக்கு உள்ளே நுழைஞ்சு நோண்டிக்கிட்டு இருக்கும்னு சந்தேகம். பிரயோஜனம் இல்லை. அதை அணைச்சாலும், சிடி உள்ளே வந்ததைப் பார்த்ததும் 'இது என்ன சிடி, பேர் என்ன'ன்னு தெரிஞ்சுக்க உடெவ்ங்கிற பின்னணி நிரல் போய்ப் படிக்கத்தான் செய்யும். நாம ஒண்ணும் பண்ணாட்டியும் படிப்பு நடக்கும்.

அடுத்து, லேப்டாப்ல இருந்து இந்தப் பொட்டிக்குப் பிங் அடிச்சேன், உறைஞ்சிருக்கும்போதே. பதில் வருது! அப்ப கர்னல் சாகலை. ஆனா எஸ்எஸ்எச் வழியா உள்ளே நுழையப் பார்த்தா கதவு திறக்கலை. பிங்-க்குப் பதில் சொல்ல மெமரி போதும், லாகின் பண்ண ஹார்ட் டிஸ்க் வேணும். அதாவது, உறைஞ்சது மூளை இல்லை, ஹார்ட் டிஸ்க்.

அதனால உறையறதுக்கு முன்னாடியே உள்ளே போயிடுவோம்னு முடிவு பண்ணேன். லேப்டாப்ல இருந்து முதல்லயே எஸ்எஸ்எச்ல நுழைஞ்சு, கர்னல் புலம்புறதை எல்லாம் உடனுக்குடன் காட்டுற டிமெசேஜ் கட்டளையை ஓட விட்டு, அதுக்கப்புறம் அந்த மோசமான போட்டோ சிடி-யைப் போட்டேன். (அப்பா சிடி-யை இல்லை. சோதனைக்கு எப்பவும் போனாப் பரவாயில்லைங்கிற சாமானைத்தான் பயன்படுத்தணும்.) அரை நிமிஷம் கழிச்சு வரி வரியா வந்துச்சு. ஏடிஏ ஒண்ணு, புள்ளி பூஜ்யம் ஒண்ணு, பதில் இல்லை, நேரம் முடிஞ்சது. லைனை ரீசெட் பண்றேன். ஏடிஏ ஒண்ணு, புள்ளி பூஜ்யம் பூஜ்யம் தயார். புள்ளி பூஜ்யம் ஒண்ணு தயார். மறுபடி அரை நிமிஷம். மறுபடி பதில் இல்லை. மறுபடி ரீசெட்.

இந்த அரை நிமிஷம் எங்க இருந்து வருதுன்னா, சிடி டிரைவுக்கு ஒரு கட்டளை குடுத்தா கர்னல் 30 விநாடி காத்திருக்கும். பதில் வரலைன்னா ரீசெட் பண்ணிட்டு மறுபடி கேக்கும். பொறுமைசாலி! ஒரு கெட்டுப்போன இடத்துக்கே ரெண்டு மூணு நிமிஷம் போயிடும். அப்படி நூறு இடம் இருந்தா? அந்த நேரத்துல படிச்சுக்கிட்டிருக்கிற நிரலைக் கொல்லவும் முடியாது. பட்டியல்ல அதுக்கு நேரா 'டி'ன்னு ஒரு எழுத்து நிக்கும். சாமான்கிட்ட இருந்து பதில் வர்ற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்னு அர்த்தம். கில் மைனஸ் 9 அடிச்சாலும் அசையாது.

இதையெல்லாம் திரையில பார்த்துக்கிட்டே தலையில கை வெச்சு உக்காந்திருந்தேன். தங்கமணி, "என்னங்க, மாமா ரொம்ப நேரமா உங்க பின்னாடியே நிக்கிறார்"னு சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அப்பா. திரையைக் காட்டி 'என்ன?'ன்னு கையால கேட்டார்.

அவர் சிடி-ன்னு சொல்லலை. சொன்னா எதிர்பார்ப்பார், கடைசியில கிடைக்கலைன்னா...? "பழைய சிடி ஒண்ணுப்பா. அதைப் போட்டா ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து செத்துடுது"ன்னேன். பொட்டியோட பக்கவாட்டு மூடி கழட்டித்தான் இருந்துச்சு. குனிஞ்சு பார்த்தார். அகலமான பட்டை கேபிள் ஒண்ணு, மதர்போர்டுல கிளம்பி ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டு, அங்கிருந்து மேலே டிவிடி டிரைவுக்குப் போகுது. அதை விரலால தொட்டுக்கிட்டே போனார். அப்புறம் சிலேட்டை எடுத்தார்.

'ஏல, ரெண்டும் ஒரே லைன்லயா?'

"ஆமாப்பா."

அழிச்சுட்டு எழுதினார்: 'பேரலல். ஒருத்தன் ரிசீவரைச் சரியா வைக்கலை. அடுத்தவனுக்கு எப்படி டயல் டோன் வரும்?'

எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு. லேண்ட்லைன் வெச்சிருந்தவங்களுக்குத் தெரியும். ஹால்ல ஒரு போன், பெட்ரூம்ல ஒரு போன், ரெண்டும் ஒரே ஜோடி வயர். பெட்ரூம் போனைச் சரியா வைக்கலைன்னா ஹால் போன் செத்துடும். 'போன் ரிப்பேர்'னு கம்ப்ளெய்ன்ட் குடுத்தா, வந்து பார்க்கிறவர் கழட்டிக் கிடக்கிற ரிசீவரை எடுத்து வெச்சுட்டுப் போவார். அப்பா இப்படி எத்தனை வீடு போயிருப்பார்!

பழைய ஐடிஇ கேபிளும் அதே கதைதான். ஒரு கேபிள்ல ரெண்டு சாமான், ஒண்ணு மாஸ்டர், ஒண்ணு ஸ்லேவ். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். டிவிடி டிரைவ் 'இரு, படிச்சுக்கிட்டிருக்கேன்'னு லைனைப் பிடிச்சுக்கிட்டா, ஹார்ட் டிஸ்க் வாயைப் பொத்திக்கிட்டுக் காத்திருக்கணும். கர்னல் ரீசெட் பண்றப்பவும் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ரீசெட். திரையில புள்ளி பூஜ்யம் பூஜ்யமும் புள்ளி பூஜ்யம் ஒண்ணும் மாறி மாறி வந்துச்சே, அதுதான் அது. முதல் எண் லைன், அடுத்தது அந்த லைன்ல யாருன்னு. என் கண்ணு முன்னாடியே எழுதியிருந்துச்சு, எனக்குத்தான் வாசிக்கத் தெரியலை. அந்த 2006 மதர்போர்டுல ஐடிஇ கேபிள் செருக ஒரே ஒரு இடம்தான். அதுக்கு முந்தின பொட்டியில இருந்து கழட்டின 80 ஜிபி ஐடிஇ டிஸ்க்கைச் சிக்கனமா அதுலயே மாட்டினது நான். சாட்டா செருகிடம் நாலு சும்மாவே கிடந்துச்சு!

சரியான்னு உறுதிப்படுத்தணுமே. ஹார்ட் டிஸ்க்கை கேபிள்ல இருந்து கழட்டிட்டு, பென் டிரைவ்ல இருந்து லினக்ஸை ஓட விட்டு, அதே மோசமான போட்டோ சிடி-யைப் போட்டேன். டிரைவ் 'டக்... டக்...'னு திணறுது. ஆனா பொட்டி ஜம்முனு ஓடுது! பாட்டு பாடுது, கடிகாரம் நகருது. அப்பா கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டார். அவருக்கு ஃபால்ட் தீர்ந்தது, கேஸ் குளோஸ்.

சனிக்கிழமை எஸ்.பி. ரோடு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பார்த்த அதே நெரிசல், அதே "ஏனு பேக்கு சார்?". சின்னதா ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். அப்புறம் பழைய சாமான் விக்கிற கடையில, வேற கம்பெனி ஐடிஇ டிவிடி டிரைவ் ஒண்ணு கேட்டேன். கடைப் பையன், "அண்ணா, இதெல்லாம் யாருமே கேக்குறதில்லையே"ன்னு சிரிச்சுக்கிட்டே குவியல்ல இருந்து தேடி எடுத்துக் குடுத்தான். எதுக்கு ரெண்டாவது டிரைவ்? ஒவ்வொரு டிரைவோட லேசரும் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணு படிக்காததை இன்னொண்ணு படிக்கும்.

பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டி-க்கு நகலெடுத்துட்டு, டிவிடி டிரைவை மட்டும் ஐடிஇ கேபிள்ல தனி மாஸ்டரா விட்டேன். இப்ப நிஜமான வேலை.

அப்பா சிடி-யை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் கீறல் அதிகம் இல்லை. வெளி விளிம்புல மட்டும் ஒரு வளையம் மாதிரி நிறம் வெளிறியிருந்துச்சு. மேல்பக்கம் நான் 2006-ல பால்பாயின்ட் பேனாவுல அழுத்தி 'அப்பா'ன்னு எழுதியிருக்கேன். செய்யவே கூடாத வேலை. நாம கீழ்ப்பக்கத்தைத்தான் பத்திரமாப் பார்த்துக்குவோம். ஆனா சிடி மொத்தம் 1.2 மில்லிமீட்டர் தடிமன், அதுல பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக். தகவல் இருக்கிற அடுக்கு, பேர் எழுதுற மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிசான ஒரு பூச்சுக்கு அடியில இருக்கு. பேனா முனை நேரா அங்கதான் குத்தும்.

மெத்துனு ஒரு துணியால நடுவுல இருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாத் துடைச்சேன். வட்டமாத் துடைக்கக் கூடாது. வட்டமா ஒரு கீறல் விழுந்தா, தடத்தோட கூடவே ஓடி நிறைய தகவலைத் தொடர்ச்சியா அழிச்சிடும். குறுக்குக் கீறல்னா டிரைவே பிழை திருத்திச் சமாளிச்சுக்கும். அப்புறம் டிரைவோட வேகத்தை எஜெக்ட் கட்டளையால நாலு மடங்கு வேகத்துக்குக் குறைச்சேன். ஓடி ஓடிப் படிக்கிறதை விட நடந்து படிக்கட்டும்.

சாதாரணமா காப்பி பண்ணினா, முதல் கெட்ட இடத்துலயே முட்டிக்கிட்டு நின்னுடும். அதுக்குத்தான் டிடிரெஸ்க்யூ. அது புத்திசாலி. முதல் சுத்துல எளிதாக் கிடைக்கிறதை எல்லாம் வாரிக்கிட்டு, கஷ்டமான இடத்தைக் குறிச்சு மட்டும் வெச்சுக்கிட்டுத் தாண்டிப் போகும். அடுத்த சுத்துல குறிச்ச இடத்துக்கு மட்டும் திரும்பி வரும். எது கிடைச்சது, எது கிடைக்கலைன்னு ஒரு வரைபடக் கோப்புல எழுதி வைக்கும். நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். சிடி நாளுக்கு நாள் மோசமாகுதுன்னா, நல்லதை முதல்ல எடுத்துக்கிட்டு அப்புறம் கெட்டதோட மல்லுக்கட்டுறதுதான் முறை.

மொத்தம் சுமார் 3 லட்சம் துண்டு. ஒரு துண்டு 2048 பைட். சிடி-யில நடுவுல இருந்து வெளியே போகப் போகத்தான் எழுதும். அதனால ஆரம்பம் எல்லாம் சுத்தமா வந்துச்சு. 50 நிமிஷம் தாண்டின பிறகு, அந்த வெளிறின வளையத்துல, தடுமாற ஆரம்பிச்சது. ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில பார்த்தா பாக்கி 15 ஆயிரம் துண்டு. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட மூணு நிமிஷப் பேச்சு. டிரைவை மாத்தினேன். அதே வரைபடக் கோப்பைக் குடுத்து, விட்டதை மட்டும் தேடச் சொன்னேன். இந்தக் குவியல் டிரைவ் கெட்டிக்காரன்! சாயங்காலம் பாக்கி 2300-ல வந்து நின்னுச்சு. அதுக்கு மேல எத்தனை தடவை முயன்றும் நகரலை. 27 விநாடி.

இன்னொரு அதிர்ஷ்டம். 2006-ல எம்பி3 ஆக்கத் தெரியாம, பெரிய வேவ் கோப்பாவே எழுதியிருந்தேன். எம்பி3-க்குக் காப்புரிமைச் சிக்கல் இருந்ததால லினக்ஸோட அந்த நிரல் கூடவே வராது. அந்தச் சிக்கல் 2017-ல்தான் தீர்ந்தது. தனியா இறக்கிப் போட எனக்குச் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம்தான் காப்பாத்துச்சு. வேவ்ல ஒரு துண்டு போனா, ஒரு விநாடியில எண்பதுல ஒரு பங்கு மௌனம், அவ்வளவுதான். இதையே ஜிப் பண்ணி வெச்சிருந்தா நடுவுல ஒரு துண்டு போனாலும் அதுக்கப்புறம் உள்ளதைத் தேத்துறது பெரும்பாடு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிஞ்ச பிறகு ஹால்ல எல்லாரையும் உக்கார வெச்சேன். அப்பாகிட்ட அப்பதான் சொன்னேன், "அப்பா, அது உங்க சிடி". அவர் ஒண்ணும் எழுதலை. கழுத்துத் துணியைச் சரி பண்ணிக்கிட்டார்.

ஸ்பீக்கர்ல கொஞ்சம் இரைச்சல். நாற்காலி இழுபடுற சத்தம். ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் போற சத்தம். அப்புறம்,

"ஹலோ... ஹலோ... கேக்குதா?"

டெஸ்ட் டெஸ்க்ல பத்து வருஷம் சொன்ன அதே ராகம். என் பொண்ணு ஸ்பீக்கரைப் பார்க்கலை, தாத்தா முகத்தைத்தான் பார்த்தா. "கேக்குது தாத்தா"ன்னா. தங்கமணி எழுந்து அடுப்படிக்குப் போயிட்டா. எனக்கும் ஏதாவது வேலை இருந்திருக்கலாம்னு தோணுச்சு.

முழுசும் கேட்டோம். அப்பா தன் குரலை அடுத்தவர் பேச்சைக் கேக்குற மாதிரிக் கேட்டார். நடு நடுவுல சிரிச்சார். ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லி எழுதினார்: 'ரொம்ப வேகமாப் பேசுறான்'. 'பேசுறேன்' இல்லை, 'பேசுறான்'.

54-வது நிமிஷம் 1992 வெள்ளம். எக்ஸ்சேஞ்சுக்குப் போகணும், நடுவுல தண்ணி, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் போன கதை. "அன்னைக்கு எங்கூட வந்தது யாருன்னா..."

மௌனம்.

அங்க ஒரு பெரிய ஓட்டை. பதினோரு விநாடி ஒண்ணுமே இல்லை. அதுக்கப்புறம், "...அவன் இல்லைன்னா நான் இன்னைக்கு உன் முன்னாடி உக்காந்து பேச முடியாது"ன்னு தொடருது.

எனக்கு அந்தப் பேர் ஞாபகம் இல்லை. 2006-ல நேர்ல கேட்டவன் நான்தான், ஆனா மைக் லெவலைப் பார்த்துக்கிட்டிருந்திருப்பேன். "யாரு தாத்தா அது?"ன்னு பொண்ணு சிலேட்டை எடுத்து நீட்டினா. அப்பா எழுதினார். முதல்ல பேர். அழிக்காம அதுக்குக் கீழே ஊர். அதுக்கும் கீழே, 'லைன்மேன். என்னை விட நாலு வயசு சின்னவன். 98-ல போயிட்டான்.' அவ எழுத்துக் கூட்டிச் சத்தமா வாசிச்சா. அந்தப் பேரை நான் இங்கே போடலை, எங்க வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஆனா சிலேட்டைப் போட்டோ எடுத்து, ஒலிக் கோப்பு இருக்கிற இடத்துலயே சேர்த்து வெச்சிருக்கேன். 27 விநாடியில 11 விநாடி கிடைச்சிடுச்சு. மிச்சம் 16-ல என்ன சொன்னாருன்னு தினம் கொஞ்சமா ரெண்டு பேரும் உக்காந்து எழுதிக்கிட்டிருக்காங்க. அது 16 விநாடியைத் தாண்டி நாலு நாளா நோட்டுப் புத்தகத்துல ஓடிக்கிட்டிருக்கு!

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு சிடி கட்டு இருக்கும். கல்யாண வீடியோ, ஊர்த் திருவிழா, பாட்டி பாடின தாலாட்டு. அதனால நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்லிடறேன்:

1. இந்த மாசமே எடுத்துப் பாருங்க. வீட்டுல எழுதின சிடி-க்கு ஆயுசு கெட்டி இல்லை.

2. சிடி போட்டதும் பொட்டி உறைஞ்சா, முதல்ல அச்சடிச்ச நல்ல சிடி ஒண்ணு போட்டுப் பாருங்க. அது ஓடினா, சந்தேகம் உங்க சிடி மேல. அதுவும் ஓடலைன்னா டிரைவ், கேபிள், பவர் சப்ளை.

3. பழைய பொட்டின்னா, ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் ஒரே கேபிள்ல இருக்கான்னு மூடியைக் கழட்டிப் பாருங்க. இருந்தா பிரிச்சிடுங்க.

4. லேப்டாப்ல யுஎஸ்பி டிரைவ் மாட்டுறவங்களுக்கு: சிடி சுத்த ஆரம்பிக்கிறப்ப கரண்ட் நிறைய இழுக்கும். நீள ஒயர், மலிவான ஹப் வேண்டாம், நேரா மெஷின்ல செருகுங்க.

5. உறைஞ்சிடுச்சேன்னு பத்துத் தடவை பவரை அணைச்சு அணைச்சுப் போடாதீங்க. வேற மெஷின்ல இருந்து முன்கூட்டியே உள்ளே நுழைஞ்சு, கர்னல் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கும்.

6. கெட்ட சிடி-யை ஃபைல் மேனேஜர்ல திறந்து இழுத்துப் போடாதீங்க. டிடிரெஸ்க்யூல முழு நகல் எடுத்துட்டு, அந்த நகலைத் திறந்து பாருங்க.

7. நகல் ஒண்ணு ஒரு ஊர்லயும் இன்னொண்ணு வேற ஊர்லயும் இருக்கட்டும். இதை நான் 2006-ல சரியாத்தான் பண்ணேன். ஆனா பதினெட்டு வருஷம் ஒரு தடவை கூட ரெண்டையும் திறந்து பார்க்கலை.

இப்ப அந்தக் கோப்பு அக்கா வீட்டுல, என் வீட்டுல, இணையத்துல ஒரு இடத்துலன்னு மூணு இடத்துல இருக்கு. அக்கா போன்ல முழுசும் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "தம்பி, அப்பாவைக் கூப்பிடு"ன்னா. போனை அப்பா காதுல வெச்சேன். என்ன சொன்னான்னு தெரியலை. அப்பா ரிசீவரை விரலால ரெண்டு தடவை தட்டினார், டொக் டொக்னு. பதினஞ்சு வருஷமா அவங்க ரெண்டு பேருக்கும் அதுதான் 'கேக்குது'.